எத்தனையாவது முகம்

பாம்பன் பாலத்தில் பஸ் நின்றிருந்தபோது
போன் வந்தது.
முன்னால் ஒரு மீன் லாரி பஞ்சர்.
பாதிச் சொற்களைக் காற்று கடலுக்குள் தள்ளிவிட
மிச்சம் கேட்டது:
பன்முகப் பண்பாட்டு உளவள ஆலோசனை,
மாநில அளவில்,
ரயில் செலவு தந்துவிடுவோம் மேடம்.
'நல்ல சேதியா?' என்றார் கண்டக்டர்.
தெரியவில்லை என்றேன்.

மறுநாளே கல்லூரி வாசலில் ஃப்ளெக்ஸ்.
ஒரு காதணி விழாவுக்கும்
கபடிப் போட்டிக்கும் நடுவே
கண்ணை மூடியபடி நான்.
அந்த ஒரு படம்தான் கிடைத்ததாம்.
பெயரைப் பிரித்து 'சுபத்ரா பாய்' என்று போட்டிருந்தார்கள்.
பரமக்குடித் தறிச் சத்தத்தில்
வீட்டுக்குள் ஒரு மொழி, வாசலில் ஒரு மொழி என்று
வளர்ந்தவளுக்கு இது புதிதில்லை.
கீழக்கரைக்கு முதல் தடவை போனபோது
யாரோ ஒரு பாய் வருகிறார் என்று
ஆண்கள் பக்கம் நாற்காலி போட்டு வைத்திருந்தார்கள்.
சிரித்து முடிக்கவே கால் மணி நேரம் ஆனது.
அன்றைக்குத்தான் பெண்கள் முதலில் பேசினார்கள்.

தங்கள் பங்களிப்பை
இருநூறு சொற்களில் எழுதி அனுப்புங்கள் என்றது கடிதம்.

எழுதியிருக்கலாம்:
சங்கு குளிக்கிற செய்யது நெய்னாவிடம்
வினாத்தாளைப் பார்த்து
'மன அழுத்தம் இருக்கிறதா' என்று கேட்டேன்.
'அழுத்தம் ஆறு பாகத்துக்குக் கீழே போனாத்தான்.
மொதல்ல காதுல தெரியும்.
மேல வந்தா சரியாப் போயிரும்.'
இல்லை என்ற கட்டத்தில் டிக் அடித்தேன்.
பதினோராம் நாள் அவர் மனைவி வந்தாள்.
'தரையிலயும் மூச்சப் புடிச்சிக்கிட்டே இருக்காரு மேடம்.'
அந்த வினாத்தாளைத் தமிழாக்கியது நான்.
அதற்கும் ஒரு சால்வை வாங்கியிருக்கிறேன்.

எழுதவில்லை.
'கடலோரச் சமூகங்களிடையே' என்று தொடங்கி
எதையோ எழுதினேன்.
நூற்றுத் தொண்ணூற்றெட்டுச் சொற்கள்.

மண்டபம் முகாமில் தவமலர் சொன்னாள்:
'ராவில அவரோட கதைக்கிறனான்.'
அவர், படகேறிய இரவில் கை நழுவியவர்.
தேனிப் பக்கத்திலிருந்து வந்த என் மாணவன்
பைலில் எழுதினான்:
இரவில் கதை விடுகிறார்.
அதன் கீழே
பச்சை மையில் என் கையெழுத்து.
ஒரே மொழிதான்.
நடுவில் கொஞ்சம் உப்புத் தண்ணீர்.
அந்தப் பக்கத்தைக் கிழிக்க விதியில்லை.
அடித்துத் திருத்தினேன்,
பழசும் தெரிகிற மாதிரி.

கோயம்புத்தூர் மேடையில் கடல் வாசனை இல்லை.
ஷீல்டில் ஐந்து நிறத்தில் ஐந்து கைகள்.
கைதட்டினார்கள்.
நெய்னாவைப் போல நானும்
மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது
படத்தில் விழவில்லை.
இந்த முறை கண் திறந்திருந்தது.

வெள்ளிக்கிழமை வழக்கம்போல முகாம்.
பையிலிருந்து எட்டிப் பார்த்த ஷீல்டைத்
தவமலரே எடுத்தாள்.
பொன் எழுத்தை விரலால் தடவி
ஒரு காலத்தில் வகுப்பெடுத்தவளின் குரலில்
உரக்க வாசித்தாள்.
பன்முகம் வந்ததும் நிறுத்தினாள்.
'அப்ப மிஸ்,
நாங்கள் எத்தனையாவது முகம்?'

சிரிக்கவில்லை. கோபமும் இல்லை.
எண்ணிப் பார்க்கிற மாதிரி கேட்டாள்.

பதில் சொல்வதற்குப் படித்திருக்கிறேன்.
பதில் சொல்லாமல் இருப்பதற்கும்
தனியாக ஒரு தாள் எழுதித் தேறியிருக்கிறேன்.
இது அந்த மௌனம் இல்லை.
சும்மா, வாயில் ஒன்றுமில்லாத மௌனம்.

வெளியே விசில்.
ஆள் கணக்கெடுக்கிறார்கள்.
அட்டையை எடுத்துக்கொண்டு எழுந்தவள்
ஷீல்டை என் மடியில் வைத்தாள்,
யாரோ ஒருவரின் பிள்ளையைக் கொடுப்பதுபோல.

'இதைப் பிடியுங்கோ.
கையெழுத்து வச்சிட்டு வாறன்.
போயிடாதேங்கோ,
கதைக்க இருக்கு.'